300 என்ற எண்ணை நம்பி டெலி ஜூம் வாங்கலாமா?

கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸ் போதவில்லை என்று உணரத் தொடங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, தொலைவில் இருப்பதை அருகில் கொண்டுவரும் டெலி ஜூம் லென்ஸை விலை குறைவாகப் பார்த்து வாங்கலாமா என்பதைத்தான். தாராளமாக வாங்கலாம், ஆனால் லென்ஸின் மேல் அச்சிட்டிருக்கும் 300 மிமீ போன்ற பெரிய எண்ணை, அதாவது அது எவ்வளவு தூரம் எட்டும் என்பதைப் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது.

கேனன் வைத்திருப்போருக்கு இது நன்றாகவே பொருந்தும். 1999-இல் வந்த இஎஃப் 75-300 மிமீ III லென்ஸில் அதிர்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கிடையாது. 2013-இல் வந்த இஎஃப்-எஸ் 55-250 மிமீ எஸ்டிஎம் லென்ஸில் அது உண்டு. கேனனின் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 300 மிமீ என்பது பெரிய ஃபுல் ஃபிரேம் சென்சாரில் 480 மிமீக்கு நிகரான காட்சியைத் தருவதால், ஸ்டெபிலைசர் இல்லாமல் கையில் பிடித்து எடுக்க ஷட்டர் வேகம் குறைந்தது 1/500 நொடியாவது வேண்டும். மாலை வெளிச்சத்தில் அது எளிதில் கிடைக்காது. 250-க்கும் 300-க்கும் உள்ள இடைவெளியைப் படத்தைச் சற்று வெட்டியே சரிக்கட்டிவிடலாம், கை நடுங்கிக் கலங்கிய படத்தை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. ஆகவே என் ஓட்டு 55-250-க்கே. கேனனின் மிரர்லெஸ் கேமராக்களில் உள்ள ஆர்எஃப் மவுண்டுக்கென 2025-இல் வந்த 75-300 லென்ஸிலும் ஸ்டெபிலைசர் இல்லை. அந்த வகையைச் சேர்ந்த ஆர்50, ஆர்100 கேமராக்களுக்குள்ளும் இல்லை என்பதால், இந்த இணையை வாங்குவோர் யோசித்து வாங்க வேண்டும்.

பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளையின் நடனத்தைப் படம் எடுக்கவே பல பெற்றோர் இப்படிப்பட்ட டெலி ஜூமைத் தேடுகிறார்கள். அங்கே ஸ்டெபிலைசரும் கைகொடுக்காது, ஏனென்றால் அது நம் கையின் அசைவைத்தான் தணிக்கும், ஆடும் குழந்தையை நிறுத்தாது. அரங்க வெளிச்சத்தில் அபர்ச்சரை (லென்ஸின் திறப்பு, எஃப் எண் குறையக் குறைய அது பெரிதாகும்) எஃப்/5.6-இலும் ஷட்டரை 1/250 நொடியிலும் வைத்தால், சென்சாரின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 6400-ஐத் தொட்டுவிடும். முகத்தில் மணல் தூவியது போல நாய்ஸ் நிறையும். 75-300-ஐ முழுதாக நீட்டி, அபர்ச்சரையும் முழுதாகத் திறந்து எடுத்தால், கருப்புத் திரைக்கு முன்னே கூந்தலில் இருக்கும் மல்லிகைச் சரத்தின் ஓரமெல்லாம் ஊதாக் கோடு தெரியும். இந்த ஒரு மாலைக்காக லென்ஸ் வாங்குவதைவிட, 70-200 எஃப்/2.8 லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது மேல். அது எஃப்/5.6-ஐவிட நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

நல்ல வெயிலில் நிலைமையே வேறு. வேடந்தாங்கல் கரையில் காலை வெளிச்சத்தில் எஃப்/8 வைத்து எடுத்தால், விலை குறைந்த லென்ஸும் கூர்மையான படம் தரும். கூழைக்கடாவின் கண்ணை மட்டும் நிரப்பி எடுக்க 250 மிமீ போதாது. கூடுகள் நிறைந்த மரத்தை முழுதாக எடுக்கத் தாராளமாகப் போதும்.

பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால், இரு பக்க மூடிகளையும் கழற்றி, ஒரு முனையிலிருந்து டார்ச் அடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் அது விரைவாகப் பரவும், சுத்தம் செய்யும் கூலியோ இவ்வகை லென்ஸின் விலைக்குக் கட்டுப்படியாகாது.