எல்லாமே சி மைனர்: பியானோ டிப்ளோமாவுக்கு பீஸ் தெரிவு செய்யும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

போன கிழமை வாட்ஸ்அப்பில் இன்னொரு புரோகிராம், அதாவது பரீட்சையில் வாசிக்கப்போகும் பீஸ்களின் வரிசை, வந்தது. கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளை, கிரேட் 8 நல்ல மார்க்கோடு முடித்தவள், அடுத்ததாக லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் முதல் டிப்ளோமாவான ஏடிசிஎல் செய்யப்போகிறாள். பாக்கின் சி மைனர் பிரிலூடும் ஃபியூகும் (ஃபியூக் என்றால் ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னிக்கொண்டு போவது), வெல்-டெம்பர்ட் கிளேவியர் முதலாம் புத்தகத்தில் உள்ளது. பேத்தோவனின் பத்தேதிக் சொனாட்டா. ஷோப்பானின் ரெவலூஷனரி எட்யூட். கடைசியாக ரக்மானினோவ், ஓபஸ் 23 இல் ஏழாவது பிரிலூட். கீழே ஒரு வரி: "நாலு காலமும் வருது மிஸ், பலன்ஸ் சரிதானே?"

சரியில்லை பிள்ளை. நாலும் சி மைனர், ஒரே ஆதார சுரம், ஒரே சுரவரிசை.

இப்படி வருவது இது முதல் தடவையாக இருந்தால் அவளுக்கு மட்டும் பதில் போட்டுவிட்டு இருந்திருப்பேன். முல்லைத்தீவிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் இதே கணக்கோடுதான் வருகிறார்கள். பரோக் ஒன்று, கிளாசிக்கல் ஒன்று, ரொமான்டிக் ஒன்று, இருபதாம் நூற்றாண்டு ஒன்று, நாலு கட்டத்திலும் சரி போட்டாயிற்று, புரோகிராம் முடிந்தது. யார் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை, தயவு செய்து நிறுத்துங்கள். பரீட்சகர் கட்டம் பார்த்து மார்க் போடுவதில்லை. அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒரே கதிரையில் இருந்து உங்களைக் கேட்கப்போகிற ஆள் அவர். 1600களில் பிறந்தவர் எழுதியதா 1800களில் பிறந்தவர் எழுதியதா என்பதைவிட, ஒரு பீஸ் முடிந்து அடுத்தது தொடங்கும்போது காதுக்குப் புதிதாக ஏதாவது கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தப் பிள்ளையின் புரோகிராமில் பத்தேதிக்கின் நடு மூவ்மென்ட் ஏ ஃபிளாட் மேஜரில் ஒரு மூச்சு விடத் தருகிறது. மற்றதெல்லாம் கோபமும் வேகமும் ஓடும் குட்டிச் சுரங்களும்தான். (அப்புறம், 1903 இல் அச்சானது என்பதற்காக ரக்மானினோவ் நவீன இசை ஆகிவிட மாட்டார். அந்தக் கட்டத்துக்கும் அது பொருந்தவில்லை.)

இங்கே பியானோ பழகும் பிள்ளைகள் பலர் சங்கீதமும் படித்தவர்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் ஒழுங்குபடுத்திய கச்சேரி முறையை அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை: வர்ணத்தில் தொடங்கி, நடுவில் கனமான உருப்படி, பிறகு துக்கடாக்கள். வர்ணமும் கீரவாணி ராகம், கீர்த்தனையும் கீரவாணி, பல்லவியும் கீரவாணி என்று ஒருவர் பாடினால் சபையில் எத்தனை பேர் மிச்சம் இருப்பார்கள்? மைனரில் ஒரு வகையான ஹார்மோனிக் மைனர் என்பது நம்முடைய கீரவாணியின் சுரங்கள்தான். அங்கே பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு இங்கே மட்டும் ஏன் கண் மறைக்கிறது?

காதை விடுங்கள், கையைப் பார்ப்போம். பத்தேதிக் முதல் மூவ்மென்டில் வேகப் பகுதி தொடங்கியதும் இடக்கை ஒரே சுரத்தை மேலும் கீழும் மாறி மாறி அடித்து ஒக்டேவில் நடுங்கிக்கொண்டே போகும். வாசித்தவர்களுக்குத் தெரியும், பக்கம் புரள முன்னரே முன்னங்கை கல்லாகிவிடும். அந்தச் சொனாட்டா முடிந்த கையோடு ரெவலூஷனரி, அதில் முழுப் பாரமும் மறுபடி இடக்கைக்கு. வீட்டில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாசித்து, இடையில் தேத்தண்ணி குடிக்கும்போது இது தெரியவராது. புரோகிராமை முதலிலிருந்து கடைசி வரை எழும்பாமல் வாசித்துப் பாருங்கள். டிப்ளோமாவுக்கு வரும் பிள்ளைகளில் பலர் பரீட்சைக்கு முதல் கிழமைதான் அதைச் செய்கிறார்கள், கேட்டால் எனக்குத் தலை சுற்றுகிறது.

நேரம். ஏடிசிஎல்லுக்கு 32 முதல் 38 நிமிடம், அதற்கு அடுத்த டிப்ளோமாவான எல்டிசிஎல்லுக்கு 37 முதல் 43. இன்னொரு பரீட்சைச் சபையான ஏபிஆர்எஸ்எம்மின் டிப்ளோமா, ஏஆர்எஸ்எம், என்றால் 30 நிமிடம். அந்த சி மைனர் புரோகிராம் எப்படி இழுத்தாலும் 28 நிமிடத்தைத் தாண்டாது. யூடியூபில் யாரோ மேதை வாசித்த நேரத்தைக் கூட்டிப் போடாதீர்கள், உங்கள் கையால் வாசித்து, பீஸ்களுக்கு இடையில் மூச்சு விடும் நேரத்தையும் சேர்த்து, ஃபோனில் பதிந்து பாருங்கள். சொனாட்டாவில் ஒரு பகுதியைத் திரும்ப வாசிக்கும் ரிப்பீட்டைச் செய்வதா விடுவதா என்பதையும் முதலே முடிவெடுங்கள். அதிலேயே இரண்டு நிமிடம் கூடும் குறையும்.

"கஷ்டமான பீஸ் போட்டால் மார்க் கூடும்தானே?" இல்லை. பட்டியலில் இருப்பதெல்லாம் அந்தத் தரத்துக்குப் போதுமென்று அவர்களே ஏற்றவை. முக்கி முனகி வாசித்த எட்யூட்டைவிடச் சுத்தமாகப் பாடவைத்த ஒரு மெதுவான பீஸ் எப்போதும் மேல்.

அந்தப் பிள்ளைக்குப் பத்தேதிக் உயிர், அதில் கைவைக்கவில்லை. மற்ற மூன்றையும் எடுத்துவிட்டு இப்படி எழுதி அனுப்பினேன்: தொடக்கத்தில் ஸ்கார்லாட்டியின் ஈ மேஜர் சொனாட்டா, கே. 380, ஐந்து நிமிடமளவில். பிறகு பத்தேதிக். அதன் பிறகு பிராம்ஸின் ஓபஸ் 118 இல் இரண்டாவது, ஏ மேஜர் இன்டர்மெட்ஸோ. இடக்கைக்கு ஓய்வு, காதுக்கும் ஓய்வு, நடுக்குரல்களை வெளியே கொண்டுவரத் தெரியுமா என்பதும் அதில் தெரிந்துவிடும். கடைசியில் பார்டோக்கின் ருமேனிய நாட்டுப்புற நடனங்கள், 1915, ஆறு குட்டி நடனங்கள், இரண்டு கடைசி நடனங்களும் துள்ளிக்கொண்டு முடியும். கூட்டினால் 35 நிமிடமளவில் வருகிறது. இதை அப்படியே கொப்பியடிக்க வேண்டாம். நீங்கள் எடுக்கும் பரீட்சையின் நடப்புப் பட்டியலில் எது இருக்கிறது, சொந்தத் தெரிவுக்கு எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்பதைப் பார்த்த பிறகுதான் எதுவும்.

தொடக்க பீஸைப் பற்றி ஒன்று. நம் பிள்ளைகள் வன்னி வெயிலில், காற்றாடிக்குக் கீழே பழகியவர்கள். பரீட்சைக்குக் கொழும்பில் ஏசி அறைக்குள் போய் இருந்ததும் விரல் விறைத்துவிடும். முதல் பீஸாக ஃபியூக் வேண்டாம் என்று நான் சொல்வது பாக் மீது கோபத்தில் அல்ல. விரல் குளிர்ந்திருக்கும்போது மூன்று குரல்களில் ஒன்று தவறினால் மற்ற இரண்டும் கூடவே போய்விடும். ஸ்கார்லாட்டியில் ஒரு சுரம் தவறினாலும் எழும்பிக்கொள்ளலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் 61 கட்டைக் கீபோர்டை வைத்துக்கொண்டு டிப்ளோமா கேட்காதீர்கள், 88 கட்டையும் பாரமான கீயும் உள்ள டிஜிட்டல் பியானோவாவது வேண்டும். அதுவும் போதாது. மெல்ல அழுத்தினால் மெல்ல ஒலிப்பது, பாதிப் பெடலில் சத்தம் கலைவது, இதெல்லாம் கம்பி உள்ள பியானோவில்தான் கைக்குச் சரியாகப் புரியும். பக்கத்துத் தேவாலயத்திலோ கொன்வென்ட்டிலோ பழைய பியானோ ஒன்று இருந்தால் கேட்டுப் பாருங்கள், சுருதி விலகியிருந்தாலும் பரவாயில்லை, பிள்ளையைப் பரீட்சைக்கு முன் சில சனிக்கிழமைகளாவது அதில் இருத்துங்கள். வீடியோவில் பதிந்து அனுப்புகிறவர்கள் வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாகப் பதிய வேண்டும், ஆகவே கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். இருபத்தெட்டாவது நிமிடத்தில் இருட்டாகிப் போய் அழுத பிள்ளையை எனக்குத் தெரியும்.

புத்தகம் வாங்க முதல் புரோகிராமை அனுப்புங்கள். வாங்கிய பிறகு அனுப்பிவிட்டு "மிஸ், காசு போட்டாச்சு, இதையே செய்வமா" என்று கேட்பது இனி வேண்டாம். பதிப்புரிமை உள்ள பதிப்பை ஃபோட்டோகொப்பி அடித்துக்கொண்டு பரீட்சை அறைக்குப் போகவும் வேண்டாம், வாசலிலேயே கேட்பார்கள்.