சாயநீரைச் சிதைக்கும் ஒளி

துணிச்சாயங்கள் வெயிலுக்கும் சவர்க்காரத்துக்கும் மங்காதிருக்க வேண்டும் என்றே ஆக்கப்படுபவை. அதனாற்றான் கழிவுநீரில் கலந்த பின்னரும் அவற்றுட் பல நுண்ணுயிர்களுக்கு எளிதில் இரையாவதில்லை. இலங்கை மலையகத்தின் சிற்றாறுகள் பல மகாவலியில் சேர்வதால், மேலே கலக்கும் சாயம் கீழுள்ள நீர்த்தேக்கங்கள் வரை செல்ல வழியுண்டு.

இச்சாயங்களைச் சிதைக்கப் பெரிதும் ஆராயப்பட்டுள்ள ஒளியூக்கி (ஒளி பட்டதும் தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருள்), வெள்ளைப் பூச்சு மைகளில் சேர்க்கப்படும் தைத்தேனியமீரொட்சைட்டு ஆகும். ஏறத்தாழ 387 நனோமீற்றரிலும் குறுகிய அலைநீளமுள்ள புறஊதா ஒளி பட்டதும் அதன் இலத்திரனொன்று மேல்நிலைக்குத் தாவ, அவ்விடத்தில் நேரேற்றமுள்ள துளையொன்று எஞ்சுகிறது. இலத்திரன் நீரில் கரைந்துள்ள ஒட்சிசனோடும், துளை நீரோடும் தாக்கமுற்று, மிகுந்த தாக்குதிறனுள்ள மூலிகங்களை (இணைசேராத இலத்திரனுள்ள துணிக்கைகளை) உண்டாக்க, அவை சாய மூலக்கூற்றைப் படிப்படியாக அறுக்கின்றன. இவ்வொட்சைட்டின் மீது ஒளி பட்டால் நீரே பிளவுறும் என்று ஜப்பானியரான புஜிஷிமாவும் ஹொண்டாவும் 1972இல் வெளியிட்ட ஆய்வே இத்துறைக்கு வேகம் தந்தது.

ஆயினும் தனி ஒட்சைட்டுக்கு இரு குறைகள் உள்ளன. தாவிய இலத்திரன் பெரும்பாலும் வேலை எதுவும் செய்யாமலே துளையோடு மீண்டும் சேர்ந்துவிடுகிறது. தரையை அடையும் சூரிய ஆற்றலில் அதற்கு வேண்டிய புறஊதாப் பங்கோ ஏறக்குறைய 5 சதவீதமே. உயரம் கூடக்கூடப் புறஊதா வலுக்கும் என்பது உண்மையெனினும், நுவரெலியாவின் பனிமூட்டத்தில் அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. கூட்டுப்பொருளின் தேவை இங்கேதான் எழுகிறது. நீல ஒளியையும் உறிஞ்சும் காபன் நைத்திரைட்டை ஒட்சைட்டோடு இணைத்தால், அதில் கிளம்பும் இலத்திரன் ஒட்சைட்டுக்குக் கடக்க, துளை நைத்திரைட்டிலேயே தங்கிவிடும். தேயிலை மலையில் கான் வெட்டி மழைநீரைத் திருப்புவதுபோல, இரண்டும் ஒன்றுசேருமுன் பாதை பிரிந்துவிடுகிறது. காரீயத்திலிருந்து (கிராபைற்றிலிருந்து) பெறப்படும் கிராபீன் எனும் மிக மெல்லிய காபன் தாள்களும் இலத்திரனை இவ்வாறே ஏந்திச் செல்கின்றன. தைத்தேனியம் அடங்கிய இல்மனைற்று புல்மோட்டை மணலிலும், தூய காரீயம் போகலைச் சுரங்கத்திலும் கிடைப்பதால் மூலப்பொருளுக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. தாதுவை ஊக்கியாக்கும் தொழில்நுட்பமே கடினமானது.

நிறம் போனதைக் கொண்டு நீர் தூய்மையாயிற்று என்று கொள்வதை நான் ஏற்கமாட்டேன். அசோச் சாயங்களில் இரு நைதரசன் அணுக்களுக்கிடையிலான பிணைப்பு அறுந்ததும் நிறம் மறையும். எஞ்சும் துண்டுகளில் நச்சுத்தன்மையுள்ள அமைன்களும் இருக்கக்கூடும். ஆய்வுகூடங்கள் விரும்பிப் பயன்படுத்தும் மெதிலீன் நீலம் என்னும் சாயமோ தானே கட்புல ஒளியை உறிஞ்சி ஊக்கிக்கு இலத்திரனைக் கொடுப்பதால், ஊக்கியின் திறனை மிகைப்படுத்திக் காட்டிவிடும். இருளில் வைத்து, ஊக்கியில் வெறுமனே ஒட்டிக்கொண்ட சாயத்தின் அளவைக் கழித்து, மொத்தச் சேதனக் காபன் எவ்வளவு குறைந்தது என்று அளந்தாலே சிதைவின் உண்மையளவு தெரியும்.

ஆற்றுநீரின் கலங்கலும் இலைதழை அழுகிய பழுப்பும் ஒளியை மறைப்பதோடு மூலிகங்களையும் பறித்துக்கொள்ளும். எனவே படியவைத்து வடித்த நீரை ஆழமற்ற தட்டுகளில் ஓடவிட்டு, தூளாக நீரோடு அடித்துச் செல்லப்படாதவாறு கண்ணாடியிலோ ஓட்டிலோ ஊக்கியைப் பதித்து, இறுதிக் கட்டச் சுத்திகரிப்பாக இம்முறையைப் பயன்படுத்துவதே பொருத்தமானது.