வேரோடு விழுந்த பால் பல்

பால் பல் விழுந்தால் சாணியில் பொதிந்து ஓட்டின் மேல் எறிவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த அம்மா எறியவில்லை. கர்ச்சீப்பில் முடிந்து கொண்டுவந்தார். "நாலாவது பல்லு டாக்டர். இவனுக்கு இன்னும் மூணு வயசே முடியல."

வாங்கிப் பார்த்தேன். ஆறு வயதில் தானாக விழும் பல்லுக்கு வேர் கரைந்து அடி மொட்டையாக இருக்கும். இதில் வேர் முழுசாக இருந்தது, யாரோ பிடுங்கியது போல. பையனின் கால்கள் லேசாக வளைந்திருந்தன. வேறோர் இடத்தில் ரிக்கெட்ஸ், அதாவது வைட்டமின் டி குறைவால் எலும்பு வளைகிற நோய், என்று சொல்லி வைட்டமின் டி கொடுத்து வந்தார்கள். ஃபைலில் பழைய ரிப்போர்ட் ஒன்று இருந்தது. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி, சுருக்கமாக ஏஎல்பி, 42. அச்சிட்டிருந்த நார்மல் அளவு 40 முதல் 130. அது பெரியவர்களுக்கான அளவு!

எலும்பு வளர்கிற இந்த வயதில் ஏஎல்பி ஏறக்குறைய 140க்கு மேல் இருக்க வேண்டும். ரிக்கெட்ஸ் என்றால் இன்னும் ஏறும். ஏஎல்பி ஏறினால்தான் கல்லீரலா, பித்தப்பையா என்று நாங்கள் பதறுவோம். இறங்கினால் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். அந்தப் பல் மேசைமேல் இல்லாவிட்டால் நானும் திருப்பியிருப்பேன்.

சரி, ஒரே எண்ணை நம்பலாமா? கூடாது. ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் இடிடிஏ, இந்த நொதிக்கு உயிரான துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். ரத்தம் அதில் போய்விட்டால் ஏஎல்பி பொய்யாகக் குறையும். துத்தநாகக் குறைவு, தைராய்டு குறைவு, கடும் சத்துக்குறைவு ஆகியவற்றிலும் குறையும். சரியான டியூபில் மறுபடி எடுத்தோம்: 38. ரத்தத்தில் வைட்டமின் பி6 எகிறியிருந்தது. மரபணுப் பரிசோதனையும் அதையே சொன்னது. ஹைப்போபாஸ்பட்டேசியா. கனடா மருத்துவர் ராத்பன் 1948இல் எழுதிய நோய்.

இதில் உடம்பில் சுண்ணாம்புச் சத்துக்குப் பஞ்சம் இல்லை. அது எலும்பில் படிவதுதான் நடக்காது. பைரோபாஸ்பேட் என்ற பொருள் படிகம் வளரவிடாமல் தடுக்கும். அதை வெட்டி அகற்றுவது ஏஎல்பியின் வேலை. வெட்ட ஆள் இல்லையென்றால் எலும்பும் பல்லின் வேர்ப்பூச்சும் கடினமாகாது. பி6ஐ மூளைக்குள் போகிற வடிவத்துக்கு மாற்றுவதும் இதே நொதிதான். அதனால் கடுமையான வகையில் பச்சிளங்குழந்தைக்கு வலிப்பு வரும். இப்படிப்பட்ட பிள்ளைக்கு கால்சியமும் வைட்டமின் டியும் வாரி வழங்கினால், போக இடமில்லாத கால்சியம் ரத்தத்திலேயே ஏறும்.

நொதி குறைவு என்றால் வெளியிலிருந்து கொடுத்துவிடலாமே? 1980களில் அதைச் செய்து பார்த்தார்கள். பேஜெட் என்ற எலும்பு நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் ஏஎல்பி ஏராளம். அந்த பிளாஸ்மாவைக் குழந்தைகளுக்கு ஏற்றினார்கள். ரத்தத்தில் அளவு ஏறியது. எலும்பு பெரிதாக அசைந்துகொடுக்கவில்லை. நொதி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் வந்தவர்கள் நொதிக்கு ஒரு விலாசம் எழுதி அனுப்பினார்கள். அஸ்பார்டிக் அமிலம் பத்தை வரிசையாகக் கோத்து வாலாக ஒட்டினார்கள். அது எலும்பின் தாதுவில் போய் ஒட்டிக்கொள்ளும். நடுவில் நம் ஆன்டிபாடியின் அடித்துண்டு ஒன்று. அதுதான் அஸ்போடேஸ் ஆல்ஃபா. 2015இல் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. உயிருக்கு ஆபத்தான வகையில் சிகிச்சை பெற்ற 37 குழந்தைகளில் ஐந்தாண்டு உயிர்பிழைப்பு 84 சதவீதம் என்று கணித்தார்கள். மருந்து வருவதற்கு முந்தைய காலத்துக் குழந்தைகளில் அது 27. வாரத்துக்கு மூன்று முறையோ ஆறு முறையோ தோலுக்கடியில் ஊசி. எடைக்கு ஏற்ற அளவு என்பதால் பிள்ளை வளர வளரச் செலவும் வளரும். விலையைக் கேட்டால் சாதாரணக் குடும்பம் மயங்கி விழும்.

இதே ஏஎல்பி பாக்டீரியாவின் நஞ்சையும் செயலிழக்கச் செய்யும். அதனால் செப்சிஸில், அதாவது கிருமித் தொற்றால் உடம்பே நிலைகுலையும் நிலையில், சிறுநீரகம் பழுதாகும் நோயாளிகளுக்கென்று, குடல் ஏஎல்பியில் நஞ்சுக்கொடி ஏஎல்பியின் ஒரு பகுதியைச் சேர்த்து இலோஃபோடேஸ் ஆல்ஃபாவைச் செய்தார்கள். முதல் சோதனையில் நம்பிக்கை தெரிந்தது. பெரிய சோதனையில் 28 நாள் இறப்பு குறையவில்லை. 2022இல் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. ஹைப்போபாஸ்பட்டேசியாவில் குறைவது ஒரே ஒரு பொருள். செப்சிஸில் ஆயிரம் வழிகள் ஒரே நேரத்தில் பற்றி எரிகின்றன.

எங்கள் பையனுக்கு மிதமான வகை. இப்போதைக்கு ஊசி தேவைப்படவில்லை. கூடுதல் வைட்டமின் டியை நிறுத்தினோம். பல் மருத்துவர், பிசியோதெரபி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை.

அடுத்த முறை அப்பாயியும் கூட வந்தார், கால் விரலுக்குப் பின்னால் உள்ள பாத எலும்பில் இரண்டாவது விரிசலோடு. எலும்புத் தேய்மானம் என்று வாரம் ஒரு மாத்திரை எழுதியிருந்தார்கள். அந்த வகை மாத்திரை பைரோபாஸ்பேட்டுக்குச் சித்தப்பா மகன் மாதிரி. வேதி அமைப்பே அதன் சாயல்தான். இந்த நோயில் அது விரிசலை ஆறவிடாது. அவருடைய ஏஎல்பி 26. அவர் ஃபைலில் ஐந்து வருடமாக அந்த எண் இருந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தச் சொல்லி, எழுதிக் கொடுத்தவருக்கு அன்றே ஒரு கடிதம் எழுதினேன்.