தே ஓ: இரண்டு எழுத்தின் பூர்வீகம்

மலேசியாவின் பினாங்கில் எந்த மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) உட்கார்ந்தாலும் காதில் விழும் சொல் "தே ஓ". "தம்பி, தே ஓ ஒண்ணு, சீனி கொறச்சு" என்றால் பால் சேர்க்காத தேநீர் வரும். வெறும் "தே" என்று சொன்னால் டின்பால் ஊற்றிக் கலக்கிக் கொடுப்பார்கள். நம் நாட்டில் பாலோடு வருவதுதான் வழக்கம், வேண்டாமென்றால்தான் சொல்ல வேண்டும்.

இதில் அந்த "ஓ" என்ன? கடைப் பலகையில் ரோமன் எழுத்தில் ஒரு வட்டம் போட்டிருப்பதைப் பார்த்து, பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். பால் பூச்சியம், அதனால் ஓ. கேட்க நன்றாக இருந்தாலும் இது பொருந்தாத விளக்கம். "ஓ" ஹொக்கியன் என்னும் சீன வட்டார மொழியின் சொல், பொருள் "கறுப்பு". அதை எழுதும் சீன எழுத்தின் மூலப்பொருள் காக்கை. காக்கையின் நிறமே பிறகு நிறத்தின் பெயராக நின்றுவிட்டது. மாண்டரின் பேசுகிறவர்கள் அதே எழுத்தை "வூ" என்பார்கள். சீனக் கடைகளில் விற்கும் ஊலாங் தேயிலையின் முதல் அசையும் இதுதான், ஊலாங் என்றால் கரிய டிராகன்.

பூச்சியத்துக்கு மலாயில் வேறு சொல் இருக்கிறது: கோசோங். வெறுமை, காலி என்றும் அதற்குப் பொருள். "தே ஓ கோசோங்" என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. "ஓ" பூச்சியமாக இருந்திருந்தால் அதன் பின்னால் இன்னொரு பூச்சியம் எதற்கு?

இனி "தே". இதுவும் ஹொக்கியன்தான். சீனாவில் தேயிலைக்கு எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பு ஊருக்கு ஊர் மாறும். தென்கிழக்குக் கடற்கரையில் பூஜியன் மாநிலத்தார் "தே" என்கிறார்கள், மாண்டரினிலும் காண்டனீசிலும் "சா". பினாங்குச் சீனர்களில் ஹொக்கியன் பேசுவோர் அதிகம், கோலாலம்பூரில் காண்டனீஸ் ஓங்கி நிற்கிறது. அதனால் ஒரே பானம் ஜார்ஜ் டவுனில் "தே", பெட்டாலிங் தெருவில் "சா". உலகம் முழுவதும் நடந்ததும் இந்தப் பிரிவுதான். 17ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் பூஜியன் வணிகர்களிடமிருந்து சரக்கோடு பெயரையும் வாங்கிப் போனார்கள். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் "தே" இனம் போய்ச் சேர்ந்தது அந்தக் கடல்வழியில். ஆங்கிலேயர்களிலும் முன்பு பலர் "டே" என்றே சொன்னார்கள், "டீ" பிறகு நிலைத்தது. தரைவழியே மேற்கே போனது "சா". பாரசீகத்தில் அது "சாய்" ஆகி, இந்தி, துருக்கி, ரஷ்ய மொழிகளுக்குப் பரவியது. போர்ச்சுக்கீசியர் மட்டும் கடல்வழியில் வந்தும் "சா" என்கிறார்கள், அவர்கள் தங்கிய மக்காவ் காண்டனீஸ் பேசும் ஊர்.

மலையாளத்தில் இரண்டும் உண்டு. இலைக்குத் "தேயில", குடிப்பது "சாயா". தமிழில் "தே" ஆழமாக இறங்கிவிட்டது: தேயிலை, தேநீர், பெரியவர்கள் வாயில் தேத்தண்ணி. அது போதாதென்று ஆங்கிலத்திலிருந்து அதே சொல் "டீ" ஆகி மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம், கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று. நன்னூல் 42 ஓரெழுத்து ஒருமொழிகளைக் கணக்குச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் "தே"யும் உண்டு, "ஓ"வும் உண்டு. பழைய பொருளில் "தே" என்றால் தெய்வம், "ஓ" என்றால் மதகில் நீரைத் தாங்கும் பலகை. "சா"கூட இருக்கிறது, பொருள் இறப்பு. இதை வைத்துத் "தே ஓ" நம் சொல்தான், சீனர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று வாதாடினால், தமிழுக்கு அது பெருமை சேர்க்காது. ஓரசைச் சொற்கள் மொழிக்கு மொழி மோதிக்கொள்வது சாதாரணம். வாய் எழுப்பும் ஒலிகள் கொஞ்சம், சொல்ல வேண்டிய பொருள்களோ ஏராளம். மாண்டரினிலும் "நீ" என்றால் நீ. "மா" என்றால் அங்கே குதிரை, நம் இலக்கியத்திலும் "மா" குதிரையைக் குறிக்கும். பொருளே ஒத்துப்போகும்போது சபலம் வரத்தான் செய்யும். ஆனால் சீனர்களின் "மா" பழங்காலத்தில் இப்படி ஒலிக்கவில்லை. நடுவில் ஒரு ரகரமும் இருந்ததாக மொழியியலார் மீட்டெடுத்திருக்கிறார்கள். இன்றைய ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு உறவு சொல்லக் கூடாது. அந்தச் சொல் எந்த வழியாக, யார் வாய்க்குள் புகுந்து வந்தது என்று பார்க்க வேண்டும். மலாயில் நம் கடை "கெடாய்" ஆனதற்கும் கப்பல் "கப்பால்" ஆனதற்கும் முதல் (மூலதனம்) "மோடால்" ஆனதற்கும் அப்படி ஒரு வழி தெளிவாகத் தெரிகிறது. அவற்றைத் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

தேயிலையைத் "தேய் + இலை" என்று பிரிக்கவும் தோன்றும், இலையைத் தேய்த்துச் சுருட்டித்தானே பக்குவம் செய்கிறார்கள் என்று. சரியான பிரிப்பு தே + இலை. ஏகாரத்தின் பின் யகரமோ வகரமோ உடம்படுமெய்யாக வரலாம் என்பது நன்னூல் விதி. வந்த சொல் நம் புணர்ச்சி விதிக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. ஆகவே "தேநீர் தமிழா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில், ஆம். வேர் சீனம், ஆக்கம் தமிழ். இதற்கு மேல் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. "சீனி"யும் சீனத்தின் பெயரால் வந்ததுதான், அதை யாரும் தள்ளி வைக்கவில்லை.

"தே ஓ"வுக்குத் தமிழ் வேண்டுமென்றால்? "கருந்தேநீர்" நேர்மொழிபெயர்ப்பு, ஆனால் குழப்பும். ஆங்கிலத்தில் கறுப்புத் தேநீர் என்பது முழுக்க ஆக்சிஜனேற்றம் அடையவிட்ட இலையின் பெயர், பால் ஊற்றினாலும் அது கறுப்புத் தேநீர்தான். அதே இலையைச் சீனர்கள் சிவப்புத் தேநீர் என்கிறார்கள். தமிழ்நாட்டில் பாலில்லாத காப்பியைக் கடுங்காப்பி என்பார்கள். அதே தடத்தில் "கடுந்தேநீர்" என்பது என் தேர்வு. சாயம் ஏறிய கடுப்பும் அதில் இருக்கிறது. மாணவர்கள் கட்டுரையில் "பாலில்லாத் தேநீர்" என்று எழுதினாலும் பிழையில்லை. "கோப்பி ஓ"வுக்குக் கடுங்காப்பி அப்படியே பொருந்தும். கோசோங்குக்குச் "சீனி இல்லாமல்" என்று நேராகச் சொல்லிவிடலாம். "வெறுந்தேநீர்" என்று எழுதினால் பால் இல்லையா, சீனி இல்லையா, இரண்டுமே இல்லையா என்று தெரியாது.