மாட்டெலும்பிலிருந்து ஒரு நீர் வடிகட்டி

கிழக்கிலங்கையின் கல்முனை, காத்தான்குடி மாட்டிறைச்சிக் கடைகளில் இறைச்சி விற்றுத் தீர்ந்தாலும் எலும்பு மிஞ்சும். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் கேட்கவே வேண்டாம். மேலாகப் புதைத்தால் நாய் கிளறும். வாவிக்கரையில் கொட்டினால் ஊரே நாறும். ஆனால் அதே எலும்பைக் காற்றுப் புகாமல் சுட்டால், கிணற்று நீரில் மிகுந்தால் பிள்ளைகளின் பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடைப் பிடிக்கும் கரி கிடைக்கும்.

சிரட்டைக்கரி சுடுகிறவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. கிடங்கை மூடிவிட்டால் ஒட்சிசன் இல்லாமல் சிரட்டை சாம்பலாகாது, கரியாகும். இதைத்தான் பைரோலிசிஸ் என்கிறார்கள்.

காய்ந்த எலும்பில் பாதிக்கு மேல் கல்சியம் பொஸ்பேற்றுக் கனிமம். மீதி பெரும்பாலும் புரதமும் கொழுப்பும். மூடிய இரும்புப் பரலில் 400, 500 பாகை செல்சியசுக்குச் சூடேற்றினால் புரதமும் கொழுப்பும் உடைந்து, வாயுவாகவும் எண்ணெயாகவும் வெளியேறும். அந்த வாயுவைக் குழாய் வழியே அடுப்புக்கே திருப்பி எரிக்க வேண்டும். விறகும் மிச்சம், நாற்றமும் அடங்கும். இதைச் செய்யாமல் ஊருக்குள் எலும்பு சுடவே கூடாது. புரதத்திலுள்ள நைதரசன் சேர்ந்த பொருட்களால் எலும்பெண்ணெயின் வீச்சம் தாங்க முடியாதது. பிரிடின் என்ற வேதிப்பொருளை 19ஆம் நூற்றாண்டில் தோமஸ் அண்டர்சன் பிரித்தெடுத்ததும் இந்த எண்ணெயிலிருந்துதான்.

ஆறியதும் ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். உள்ளும் புறமும் கறுப்பென்றால் சரி. கபில நிறமென்றால் சூடு போதவில்லை, வடிகட்டிய நீரில் வாடை ஏறும். வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்து கரி எரிந்துவிட்டது. ஃபுளோரைடைப் பிடிக்கும் திறனும் குறைந்திருக்கும்.

நீர் இந்தக் கரித்துகள்களினூடே இறங்கும்போது, கனிமத்திலுள்ள ஐதரொட்சைட்டை விலக்கி ஃபுளோரைடு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நம் பல்லும் எலும்பும் இதே வகைக் கனிமம்தான். ஃபுளோரைடு மிகுந்த நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை படிகிறது. அம்பாறையின் உட்பகுதிக் கிணறுகள் சிலவற்றில் இந்தத் தொல்லை உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். கரியும் நாளடைவில் நிரம்பிவிடும். அப்புறம் எதையும் பிடிக்காது என்பதால் வடிந்த நீரை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும்.

எந்த விலங்கின் எலும்பு, எப்படி அறுத்தது என்பதை வாங்குகிறவருக்கு மறைக்கவே கூடாது. மாட்டெலும்பை ஏற்காத வீடுகள் இங்கே நிறைய உண்டு. மீன் முள்ளிலும் இதே கனிமம் இருப்பதால் அதையும் கரியாக்கலாம். குடிநீருக்கே வேண்டாம் என்பவர்கள் வடிகட்டலுக்குப் பயன்படுத்தாத புதுக்கரியைப் பொடித்துத் தோட்டத்தில் இடலாம். அதிலுள்ள பொஸ்பரசு மெல்ல மெல்லத்தான் கரையும், அமில மண்ணில் சற்று விரைவாக.