என்3 சாலை அகலமாக ஏன் இத்தனை காலம்?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ வரியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது சீக்கிரமே என்2, என்3 என்னும் தேசிய நெடுஞ்சாலைகளில் வந்து நிற்கும். அரசாங்கம் பெருத்துவிட்டது, சாலையைத் தனியாரிடம் கொடுங்கள் என்பார் ஒருவர். டோலே வேண்டாம், வரிப்பணத்தில் அரசே போடட்டும் என்பார் இன்னொருவர். இருவர் பேசுவதும் பணத்தைப் பற்றித்தான். ஆனால் டர்பன் முதல் சிடாரா வரை என்3இல் சுமார் 80 கிலோமீட்டரும், லோவு முதல் உம்ட்லோட்டி வரை என்2இல் சுமார் 55 கிலோமீட்டரும் அகலமாக்கும் பணி ஏன் இழுக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலான தாமதம் பணம் ஒதுக்கிய பிறகே நேர்கிறது.

முதலில் பணம் வரும் வழி. 2025 ஜூன் உயர்வுக்குப் பின் ஒரு லிட்டர் பெட்ரோலில் பொது எரிபொருள் லெவி என்னும் வரி 4.01 ராண்டாகவும், சாலை விபத்து நிதிக்கான லெவி 2.18 ராண்டாகவும் இருந்தது. அந்தக் கணக்கில் 50 லிட்டர் போட்டால் இவை இரண்டும் சேர்ந்து 309.50 ராண்ட். அதில் 109 ராண்ட் விபத்தில் அடிபட்டவர்களின் இழப்பீட்டுக்குப் போகிறது. மீதி 200.50 ராண்ட் சாலைக்குத்தானே என்றால், இல்லை. அது தேசிய வருவாய் நிதியில் விழுந்து, பள்ளி, மருத்துவமனை, ஓய்வூதியம் எல்லாவற்றோடும் கலந்துவிடுகிறது. அந்த நிதியில் வரும் ஒவ்வொரு ராண்டிலும் ஏறத்தாழ 22 சென்ட் அரசின் கடன் வட்டிக்கே போய்விடும். சாலைக்கென்று தனியாக எடுத்துவைக்கும் எரிபொருள் நிதி 1980களின் இறுதியிலேயே கைவிடப்பட்டது. அதனால் "பெட்ரோலுக்கு வரி கட்டினேன், என் சாலை எங்கே?" என்ற கேள்விக்குக் கணக்குப் புத்தகத்தில் நேரடிப் பதில் கிடையாது.

டோல் வேறு வகை. அது அந்தச் சாலையின் கடனையும் பராமரிப்பையும் அடைக்க மட்டுமே. கட்ட வேண்டியவர்கள் ஒப்புக்கொண்டால்தான் அது நடக்கும். கௌடெங் மாகாணத்தில் 2013 டிசம்பர் 3 அன்று தொடங்கிய மின்னணு டோலான இ-டோலைப் பெரும்பாலானோர் கட்ட மறுத்தார்கள். 2024 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. சாலை ஏற்கெனவே போட்டாகிவிட்டதால் கடன் மட்டும் நின்றது, அதைப் பொது வரியிலிருந்து அடைக்க வேண்டியதாயிற்று.

சிறிய அரசா, பெரிய அரசா என்ற வாதத்துக்கு என்3 ஒன்றே நல்ல சோதனைக்கூடம். சிடாராவிலிருந்து கௌடெங்கின் ஹைடல்பர்க் வரை 415 கிலோமீட்டரை 1999 முதல் 30 ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு தனியார் நிறுவனம் நடத்துகிறது. கடன் வாங்குவது, பராமரிப்பது, டோல் வசூலிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. சிடாராவிலிருந்து டர்பன் வரை அரசின் தேசிய சாலை நிறுவனமான சான்ரலின் பொறுப்பு. மேல்பகுதி நன்றாக இருப்பதைப் பார்த்துத் தனியாரே மேல் என்று முடிவு கட்டுபவர்கள் நிலப்பரப்பை மறந்துவிடுகிறார்கள். மேலே பெரும்பாலும் பண்ணை நிலம். கீழே பைன்டவுன், மேரியன்ஹில், கீ ரிட்ஜ் மலை, பீட்டர்மரிட்ஸ்பர்க் என்று ஊரும் பாறையும் மாறிமாறி வருகின்றன. அரசின் பகுதியிலும் சாலையை வரைவது தனியார் ஆலோசகர்கள், போடுவது தனியார் ஒப்பந்ததாரர்கள். அரசு செய்வது வாங்குபவரின் வேலை: நிலத்தைக் கையகப்படுத்துவது, டெண்டரைச் சரியாக விடுவது, வழியிலுள்ள தடைகளை அகற்றுவது. தாமதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. இந்த வேலையைத் தெரிந்து செய்யும் பொறியாளர்கள் அரசின் பக்கம் போதாவிட்டால், அரசைச் சிறிதாக்கினாலும் பெரிதாக்கினாலும் சாலை நகராது.

2022 மே மாதம் நடந்தது இதற்குச் சான்று. சுமார் 1,747 கோடி ராண்ட் மதிப்புள்ள ஐந்து டெண்டர்களை சான்ரல் வாரியம் ஒரே நேரத்தில் ரத்து செய்தது. என்2வும் என்3யும் சந்திக்கும் இ.பி. குளூட்டி சந்திப்பும், ஆஷ்பர்ட்டன் சந்திப்பும் அவற்றில் அடக்கம். திட்டத்தை வரைந்த ஆலோசகர்களே டெண்டரை மதிப்பிடுவதிலும் பங்கேற்கக் கூடாது என்று வாரியம் 2020இல் எடுத்த முடிவு கடைப்பிடிக்கப்படவில்லை என்பதே காரணம். விதி நல்ல விதி. அதைத் தொடக்கத்திலேயே பின்பற்றாததால் மதிப்பீடு முழுவதையும் மறுபடி செய்ய நேர்ந்தது. ஒரு மண்வெட்டி மண்ணில் படுவதற்கு முன்பே இவ்வளவு காலம் போய்விட்டது.

அடுத்த தடை மண்ணுக்கடியில் இருக்கிறது. சாலையோரத்தில் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கேபிள், ஃபைபர், சில இடங்களில் எரிபொருள் குழாய். ஒவ்வொன்றுக்கும் வேறு உரிமையாளர், வேறு அனுமதி. பழைய வரைபடத்தில் இருக்கும் இடம் ஒன்று, தோண்டினால் கிடைக்கும் இடம் வேறொன்று. அதனால் கையால் சோதனைக் குழி வெட்டிப் பார்க்காமல் இயந்திரத்தை இறக்கக் கூடாது. பெரிய தண்ணீர்க் குழாயை மாற்ற வேண்டுமென்றால் புதிய குழாயை முதலில் போட்டு, அழுத்தச் சோதனை செய்து, கிருமி நீக்கி, பிறகு ஒரு குறித்த இரவில் இணைக்க வேண்டும். நகராட்சி அந்த இரவைக் கொடுக்கும் வரை அந்த இடத்தில் சாலைப் பணி நிற்கும்.

இதற்குள்தான் பணக் கசிவு. ஒப்பந்தத்தில் பணித்தள அலுவலகம், காவல், போக்குவரத்துப் பலகைகள், மேற்பார்வை போன்றவற்றுக்கு மாதக் கட்டணம் உண்டு. ஓர் எடுத்துக்காட்டுக்கு அது மாதம் 60 லட்சம் ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். குழாய் மாற்றப்படாதது அரசின் பக்கத் தவறு என்றால், ஒப்பந்ததாரருக்குக் கூடுதல் நாளும் கொடுக்க வேண்டும், அந்தக் கட்டணமும் கொடுக்க வேண்டும். எட்டு மாதத் தாமதம் என்றால் 4.8 கோடி ராண்ட், ஒரு மீட்டர் சாலைகூடப் போடாமல். இதோடு தார், டீசல், எஃகு விலை ஏறினால் அந்த வித்தியாசத்தையும் ஒப்பந்த விலைச் சூத்திரம் சேர்த்துக்கொள்ளும். தெற்கு டர்பனில் மெரிபேங்க் அருகிலிருந்த இரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் நின்றுபோனதால், தாருக்கு இப்போது பெருமளவு இறக்குமதியை நம்ப வேண்டியிருக்கிறது. கப்பல் தாமதமானால் தார் போடும் குழு கைகட்டி நிற்கும்.

இனி சாலையே போடும் வேலை. தென்னாப்பிரிக்காவின் பல தேசிய சாலைகளின் பலம் தாரில் இல்லை, அதன் அடியிலுள்ள ஜி1 என்னும் ஜல்லி அடுக்கில் இருக்கிறது. அதன் கீழே சிமென்ட் கலந்து இறுக்கிய அடுக்கு பட்டறைக் கல்லைப் போலத் தாங்கி நிற்கும். சிமென்ட் கலந்த சில மணி நேரத்துக்குள் அதை உருட்டி முடிக்க வேண்டும், பிறகு ஏழு நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும். காய்ந்தால் மேற்பரப்பு பொடியாகும்.

அதன் மேல் ஜி1. சிதையாத பாறையை உடைத்து, 37.5 மில்லிமீட்டரிலிருந்து தூள் வரை எல்லா அளவும் சரியான விகிதத்தில் கலந்து, பெரும்பாலும் 150 மில்லிமீட்டர் தடிப்பில் பரப்புவார்கள். அதிரும் ரோலரால் முதலில் இறுக்குவார்கள். பிறகு தண்ணீரை நிறைய ஊற்றி, அதிர்வில்லாத கனமான ரோலரால் திரும்பத் திரும்ப உருட்டுவார்கள். தண்ணீரோடு மிகுதித் தூள் சேறாக மேலே கிளம்பும், அதைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுவார்கள். கற்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். திடப் பாறையின் அடர்த்தியில் 88 சதவீதம் வரும்வரை விடமாட்டார்கள். பிறகு அது உலர வேண்டும். ஈரத்தோடு தாரைப் பூசினால் நீர் உள்ளேயே சிறைப்பட்டு, லாரிச் சக்கரம் அழுத்தும்போது தூளைப் பிதுக்கித் தள்ளும், சீக்கிரமே குழி விழும். குவாசுலு-நட்டாலில் அக்டோபர் முதல் மார்ச் வரை மழைக்காலம். உலர்த்திக்கொண்டிருக்கும்போது ஒரு பெருமழை வந்தால் அந்தப் பகுதியை மறுபடி கிளறிச் செய்ய வேண்டியதுதான்.

இவ்வளவையும் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். ஓரத்தை முதலில் அகலமாக்கி, போக்குவரத்தை அங்கே திருப்பி, நடுப்பகுதியை வெட்டி, மறுபடி திருப்ப வேண்டும். அதனால் ஒரே கிலோமீட்டரைப் பல கட்டமாகப் போட நேர்கிறது. பாறை வெடிக்கும்போது இரு திசையும் மூட வேண்டும், கல் பொறுக்கி, வெடிக்காத மருந்து கிடக்கிறதா என்று பார்த்த பிறகே திறக்கலாம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை கட்டுமானத் துறைக்கே விடுமுறை. இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டம் திரளும் ஈஸ்டர் நாள்களில் என்3இல் தடம் மூட முடியாது.

போட்டு முடித்த சாலையைத் தின்பது லாரிச் சுமை. இரட்டைச் சக்கர அச்சுக்குச் சட்ட எல்லை 9 டன். சேதம் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் (1.1 × 1.1 × 1.1 × 1.1 என்பதுபோல) ஏறுவதால், பத்து சதவீதம் கூடுதலாக ஏற்றினால் சேதம் சுமார் 46 சதவீதம் கூடும். காரோட்டியும் லாரிக்காரரும் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரே லெவி கட்டும் முறை இந்த வித்தியாசத்தைக் காட்டுவதே இல்லை. எடைமேடையை இரவிலும் இயக்குவதும் கூடுதல் சுமையை அங்கேயே இறக்க வைப்பதும் புதிய வரியைவிடப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

வார்டுக் கூட்டத்தில் சாலையைப் பற்றிக் கேட்க வாய்ப்புக் கிடைத்தால், மொத்தச் செலவை மட்டும் கேட்டு விடாதீர்கள். எந்தெந்தக் குழாய், கேபிள் இன்னும் மாற்றப்படவில்லை, அவற்றின் உரிமையாளர் கொடுத்த தேதி என்ன, தாமதத்துக்காக இதுவரை எத்தனை நாள் நீட்டிப்பு கொடுக்கப்பட்டது, அதில் பணத்தோடு கொடுத்தது எத்தனை நாள் என்று கேளுங்கள். மேற்பூச்சு அடுத்து எப்போது என்றும் கேளுங்கள். பராமரிப்பை மூன்று ஆண்டு தள்ளிப்போட்டால் செலவு ஆறு மடங்கு, ஐந்து ஆண்டு தள்ளிப்போட்டால் பதினெட்டு மடங்கு என்பது சான்ரலே பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு.