தேடல் பெட்டி ‘இல்லை’ என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

நூலகத்தில் தகவல் உதவிப் பிரிவில் இருக்கிறேன். “நன்றாகத் தேடிவிட்டேன், அப்படி ஒரு கட்டுரையே இல்லை” என்று சோர்ந்து வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பல நேரம் கட்டுரை இருக்கிறது. தேடிய விதம்தான் அதை மறைத்துவிடுகிறது.

மேற்கோள் குறி பலருக்கும் தெரியும். "மண்புழு உரம்" என்று அதற்குள் போட்டால், அந்த இரண்டு சொற்களும் அப்படியே அடுத்தடுத்து வரும் பக்கங்கள்தான் கிடைக்கும். தமிழில் இங்கேதான் சிக்கல். எழுதியவர் ‘மண்புழு உரத்தின் பயன்கள்’ என்று தலைப்பு வைத்திருந்தால், எழுத்துக்கு எழுத்து பார்க்கும் தேடலில் அது சிக்காது. உரத்தை, உரத்துக்கு, உரத்தில் என்று வேற்றுமை ஏற ஏறச் சொல்லின் வால் மாறிக்கொண்டே போகிறதே!

பல நூலகப் பட்டியல்களிலும் ஆய்வுத் தரவுத்தளங்களிலும் இதற்கு நட்சத்திரக் குறி உண்டு. உர* என்று கொடுத்தால் எல்லா வடிவங்களும் வரும். உரலும் உரசலும்கூட வரும்தான். கூடவே மண்புழு என்று சேர்த்துவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். கூகுளில் இது நடக்காது. அங்கே நட்சத்திரம் முழுச் சொல்லுக்குப் பதிலாகத்தான் நிற்கும்.

வேண்டாத சொல் உள்ள பக்கங்களை விலக்கும் கழித்தல் குறியை நான் கடைசியில்தான் எடுப்பேன். மண்புழு உரம் -விற்பனை என்று தேடினால் விளம்பரங்கள் குறையும், சரி. ஆனால் நல்லதோர் ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் ‘விற்பனை’ ஒரே ஒரு முறை வந்திருந்தாலும் அதுவும் சேர்ந்து போய்விடும். குறியைச் சொல்லோடு ஒட்டியே போடுங்கள், நடுவில் இடைவெளி கூடாது.

புதிய தளத்துக்குப் போனால் முதலில் ஒரு சொல்லைத் தேடுங்கள், அப்புறம் இன்னொன்றைச் சேருங்கள். முடிவுகள் குறைந்தால், இரண்டும் உள்ள பக்கங்களை அது தருகிறது. கூடினால், ஏதாவது ஒன்று இருந்தாலே போதும் என்று எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட தளத்தில் சொற்களை அடுக்க அடுக்கக் குப்பைதான் சேரும்.

தளத்தின் தேடல் பெட்டி சரியில்லை என்றால், கூகுளில் ‘சைட்’ (site) என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியை ஒட்டுங்கள். பிறகு ஓர் இடம் விட்டுத் தேடுசொல். அந்தத் தளத்தின் பக்கங்கள் மட்டும் வரும். கடவுச்சொல் கேட்கும் பக்கங்களும், பெட்டியில் தேடினால் மட்டுமே திறக்கும் பட்டியல் பதிவுகளும் பொதுவாக அதில் வராது. அவற்றுக்குத் தளத்தின் உதவிப் பக்கத்தைத் திறந்து, எந்தக் குறிகள் அங்கே செல்லும் என்று பார்ப்பதுதான் வழி.